தப்பும் கணினியும்: மாதிரியொலி முழவிசையில் ஒலிச்சுருக்கமும் எதிர்முழக்கமும்

1

ஒரு கலையின் வரலாற்றை எழுதப் புகுவோர் அக்கலையின் உற்பத்திக் கருவிகளையும் கருத்திற் கொள்ளுதல் வேண்டும் என்பது இன்று பெரிதும் ஒப்புக்கொள்ளப்பட்ட உண்மையாகும். அச்சியந்திரத்தின் வருகையைக் குறிப்பிடாது தமிழ் நாவலின் தோற்றத்தை விளக்க முற்படுவோர் இப்பொழுது இலர். ஆயின் நாட்டார் இசை பற்றிய நமது ஆய்வுகளில் இந்நோக்கு இன்னும் போதிய இடத்தைப் பெறவில்லை. பாடல்களின் சொற்களைச் சேகரிக்கின்றோம். சடங்குகளின் ஒழுங்கை விவரிக்கின்றோம். கூத்தின் கதையை வகைப்படுத்துகின்றோம். ஒலி எவ்வாறு உற்பத்தியாகின்றது, யாருடைய கையினின்று யாருடைய காதுக்குச் செல்கின்றது, இடையில் அதற்கு நேர்வது யாது என்னும் வினாக்களைப் பொறியியலாளருக்குரியவை என ஒதுக்கிவிடுகின்றோம்.

இவ்வொதுக்கல் இனியும் தகாது என்பதை உணர்த்திய நிகழ்ச்சியொன்றை முதற்கண் குறிப்பிடலாம். வெலிமடைப் பகுதித் தோட்டமொன்றைச் சேர்ந்த இளைஞர் சிலர் காமன் கூத்துக்கென ஓர் ஒலித்தடத்தைத் தயாரித்திருந்தனர். தப்பின் அடிகளைத் தாமே பதிவு செய்யாது, கணினி மென்பொருளொன்றில் அடங்கியிருந்த தோற்கருவி மாதிரியொலிகளைக் கொண்டு அவற்றை அமைத்திருந்தனர். தாளம் பிழையற்றிருந்தது, ஒலியும் பெரிதாகவே இருந்தது. எம்முடன் அமர்ந்து அதனைக் கேட்ட முதியவர், நெடுங்காலம் தப்படித்தவர், கேட்டு முடிந்ததும் ஒரேயொரு வினாவை எழுப்பினார்: “இது எதுக்கு அடிக்கிற அடி, தம்பி?”

இளைஞர்களிடம் இதற்கு விடை இருந்தது. ரதி - மதன் கலியாணத்துக்குரிய அடியையே தாம் அமைத்ததாகக் கூறினர். முதியவர் தாளக்கணக்கை மறுக்கவில்லை. ஆயினும் அவ்வடி அவருக்குத் தன்னை அடையாளங்காட்டவில்லை. கணக்குச் சரியாயிருந்தும் பொருள் புலப்படாமற் போனமைக்குக் காரணம் யாது? ஒலிப்பொறியியலில் ‘கொம்பிரஷன்’, ‘றிவேர்ப்’ என வழங்கும் இரு செயன்முறைகளை ஆராய்வதன் மூலம் இவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். முன்னதனை ஒலிச்சுருக்கம் என்றும் பின்னதனை எதிர்முழக்கம் என்றும் ஈண்டு வழங்குவோம்.

2

தப்பு மலையகத்தில் எத்தகைய வரலாற்றுச் சுமையைத் தாங்கியுள்ளது என்பதை முதலில் நோக்குதல் அவசியம். வட்டமான மரச்சட்டத்தின் ஒரு புறத்தே தோல் போர்த்திய இக்கருவியைத் தமிழகத்தில் பறை என்றும் தப்பு என்றும் வழங்குவர். ஒரு கையிற் குட்டையான தடித்த குச்சியும் மறு கையில் நீண்ட மெல்லிய குச்சியும் கொண்டு இது அடிக்கப்படுகின்றது. தடித்த குச்சி தாளத்தின் எலும்பை நிறுத்த, மெல்லிய குச்சி இடைவெளிகளை நிரப்பும். அடிப்பதற்கு முன்னர் தோலைத் தீயிற் காட்டிக் காய்ச்சுவர். ஈரம் நீங்கித் தோல் இறுகச் சுருதி உயரும். ஊவாப் பள்ளத்தாக்கில் ஆடி, ஆவணி மாதங்களிற் கச்சான் காற்று வறண்டு வீசும்போது தோல் தானே இறுகும். வாடை மழைக்காலத்திலோ ஓர் அடிக்கும் மறு அடிக்குமிடையிலேயே அது தளரும். ஆகவே, தப்பின் ஒலியில் அன்றைய வானிலையும் ஓரளவு பதிந்திருக்கும் எனல் மிகையன்று.

19 ஆம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்கும், 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையிற் தேயிலையைப் பயிரிட்டதைத் தொடர்ந்து பெருகிய தேயிலைத் தோட்டங்களுக்கும் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளருடன் இக்கருவியும் வந்தது. தோட்டம் அதற்குப் புதியதொரு பணியை விதித்தது. விடியுமுன் தொழிலாளரை எழுப்பிப் பிரட்டுக் களத்துக்கு அழைக்கும் பிரட்டுத் தப்பாக அது மாறிற்று. கிராமத்திற் சாவையும் திருவிழாவையும் அறிவித்த கருவி இங்கு மூலதனத்தின் மணிக்கூடாயிற்று. சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதிய தேயிலைத் தோட்டம் பற்றிய கவிதை அத்தப்பின் அதிர்வோடு தொடங்குவது தற்செயலன்று. மலையக வாழ்வின் நாளே அவ்வொலியோடுதான் தொடங்கிற்று.

அதே தப்பு வேலை முடிந்த பின்னர் வேறொரு பொருளைப் பெற்றது. மாசி மாதத்துக் காமன் கூத்திலும், அர்ச்சுனன் தபசிலும், பொன்னர் சங்கரிலும், மாரியம்மன் திருவிழாவிலும், மரணவீட்டிலும் அது மக்களின் சொந்தக் குரலாயிற்று. ஒரே கருவி துரைக்கும் கணக்கப்பிள்ளைக்கும் கட்டளைக் கருவியாகவும், லயன்களில் வாழ்ந்தோருக்கு உணர்வுக் கருவியாகவும் இயங்கியமையே அதன் முரண்பாடாகும். இதனோடு சாதியின் முரண்பாடும் பிணைந்திருந்தது. தப்படித்தல் ஒடுக்கப்பட்ட சாதியினர்மீது சுமத்தப்பட்ட கடமையாயிருந்தது. அவ்வடியைக் கேட்டு ஆடியோர் அடித்தவரைச் சமமாக அமர்த்தினர் எனக் கூறுவதற்கில்லை. அயலிலுள்ள சிங்களக் கிராமங்களிற் பெரவா சாதியினரின் நிலையும் இதனோடு ஒப்பிடத்தக்கது. விழாவுக்கு முழவு இன்றியமையாதது. முழவுக்காரனோ தாழ்ந்தவன் என்னும் நியாயம் மொழி எல்லைகளைக் கடந்தது.

ஆகவே, தப்பை எவ்வாறு அடிப்பது, எவ்வளவு உரக்க அடிப்பது, எங்கு நின்று அடிப்பது என்பன யாவும் சமூக உறவுகளால் நிர்ணயிக்கப்பட்டவையாகும். அடிகளின் ஏற்றத்தாழ்வே அதன் மொழி. பிரட்டுக்குரிய அடியும் பிணத்துக்குரிய அடியும் கலியாணத்துக்குரிய அடியும் தாளக்கணக்கால் மட்டும் வேறுபடுவன அல்ல. எந்த அடி ஓங்குகின்றது, எது அடங்குகின்றது, எது ஏறத்தாழக் கேட்காமலே போகின்றது என்பவற்றாலும் அவை வேறுபடுகின்றன.

3

இனி, மாதிரியொலி என்பது யாது என நோக்குவோம். ஒரு கருவியின் தனித்தனி அடிகளைப் பதிவு செய்து, எண்வடிவிற் சேமித்து, ஒரு விசையை அழுத்தும்போதோ கணினிக்குக் கட்டளையிடும்போதோ அவ்வடியை மீள ஒலிக்கச் செய்வதே அதன் அடிப்படையாகும். உண்மையான முழவுகளின் பதிவுகளைப் பயன்படுத்திய முதலாவது தாளவியந்திரமான எல்.எம்.-1 ஐ அமெரிக்கரான ரோஜர் லின் 1980 இல் வெளியிட்டார். 1983 இல் ‘மிடி’ என்னும் பொது நியமம் உருவாயிற்று. ஒரு நிறுவனத்தின் விசைப்பலகை மற்றொரு நிறுவனத்தின் கருவியை இயக்குதல் அதனாற் சாத்தியமாயிற்று. 1985 இல் ரோலண்ட் நிறுவனம் வெளியிட்ட ஒக்டபாட் தமிழர்தம் கலியாண, கோயில் இசைக்குழுக்களில் இன்றுவரை வழக்கிலுள்ள கருவியாகும். தமிழ்த் திரையிசையில் இளையராஜா ‘புன்னகை மன்னன்’ (1986) படத்திற் கணினிவழி இசையமைப்பைக் கையாண்டார். ‘ரோஜா’ (1992) முதலாக ஏ. ஆர். ரஹ்மானின் இசை அம்முறையைப் பொதுவழக்காக்கிற்று. இன்று எப்.எல். ஸ்டூடியோ, கியூபேஸ் முதலிய மென்பொருள்கள் சாதாரண கணினியொன்றிலேயே இயங்குவன. வெலிமடை இளைஞனொருவன் கொழும்பு ஒலிப்பதிவுக்கூடத்தின் வாசலில் நிற்க வேண்டிய தேவை இன்று இல்லை. இது உண்மையான முன்னேற்றம் என்பதை மறுத்தல் கூடாது.

மறுபுறத்தையும் காணுதல் வேண்டும். மாதிரியொலித் தொகுதி ஒன்றில் அடங்கியுள்ள ஒவ்வோர் அடியும் எவரோ ஒருவரின் கை அடித்ததாகும். அக்கை ஒரு நாள் அடித்தது. அதன்பின் அவ்வடி வரையறையின்றி விற்கப்படுகின்றது. இத்தொகுதிகள் பெரும்பாலும் உரிமைக் கட்டணம் மீளச் செலுத்த வேண்டாதவை என்னும் நிபந்தனையுடன் விற்கப்படுவதால், வாங்கியவர் தொடர்ந்து எதுவும் செலுத்த வேண்டியதில்லை. அடித்தவருக்கும் தொடர்ந்து எதுவும் கிட்டும் என்பதற்கில்லை. இயந்திரத்தில் உறைந்துள்ள கடந்தகால உழைப்பை இறந்த உழைப்பு என மார்க்ஸ் குறித்தார். மாதிரியொலி அக்கருத்துக்கு மிகத் துல்லியமான எடுத்துக்காட்டாகும்.

ஆயின் இயந்திரத்தையும், இயந்திரம் மூலதனத்தினாற் பயன்படுத்தப்படும் முறையையும் வேறுபடுத்தி நோக்குதல் வேண்டும் என்பதும் ‘மூலதனம்’ முதலாம் பாகத்தின் (1867) பாடமாகும். சாவு வீட்டிற் கட்டாயத்தின்பேரில் தப்படித்து வந்தவரின் மகன், அக்கட்டாயத்தினின்று விலகிக் கணினி முன் அமர்ந்து அதே தாளத்தைத் தன் விருப்பின்பேரில் அமைப்பானாயின், அவ்வியந்திரம் அவனுக்கு ஒரு விடுதலையையும் அளிக்கின்றது. விடுதலையும் பறிப்பும் ஒரே கருவியிற் கூடியிருப்பதனாலேதான் அக்கருவியின் தொழிற்பாட்டை நாம் நுணுகி அறிதல் அவசியமாகின்றது.

4

ஒலிச்சுருக்கம் என்பது கோப்புகளின் அளவைக் குறைக்கும் முறையன்று. உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் குறைக்கும் முறையே ஈண்டுக் கருதப்படுகின்றது. அதனை ஓர் எளிய கணக்கினால் விளக்கலாம். எண்முறைப் பதிவில் உச்ச அளவு 0 டெசிபல் எனக் கொள்ளப்படும். ஏனைய யாவும் அதற்குக் கீழே மறை எண்களாற் குறிக்கப்படும். தப்பின் ஓங்கிய அடி -6 டெசிபலிலும், மெல்லிய குச்சியின் அடி -24 டெசிபலிலும் பதிவாகியுள்ளன எனக் கொள்வோம். இரண்டுக்குமிடையே 18 டெசிபல் வேறுபாடு உண்டு. இப்பொழுது ஒலிச்சுருக்கியின் எல்லை மட்டத்தை -18 ஆகவும் விகிதத்தை 4:1 ஆகவும் அமைப்போமாயின், எல்லையை மீறும் ஒவ்வொரு 4 டெசிபலும் 1 டெசிபலாகக் குறைக்கப்படும். ஓங்கிய அடி எல்லையை 12 டெசிபலால் மீறியது. சுருக்கத்தின் பின் 3 டெசிபலாலேயே மீறும். அதாவது, அது -15 க்கு இறங்கும். மெல்லிய அடி எல்லைக்குக் கீழிருப்பதால் மாறாது. பின்னர் இழந்த 9 டெசிபலை ஈடுசெய்ய முழு ஒலியையும் உயர்த்தினால், ஓங்கிய அடி மீண்டும் -6 இல் நிற்க, மெல்லிய அடி -15 க்கு ஏறிவிடும். 18 டெசிபலாயிருந்த வேறுபாடு 9 ஆகக் குறைந்துவிட்டது. முழு ஒலியும் முன்னரிலும் பெரிதாகத் தோன்றும். உள்ளுறையும் இரைச்சலும் அதனோடு சேர்ந்து 9 டெசிபல் உயர்ந்திருக்கும்.

இக்கருவியில் நேரத்தைப் பற்றிய இரு கட்டுப்பாடுகளும் உள. எல்லை மீறப்பட்ட பின்னர் எவ்வளவு விரைவில் அழுத்தத் தொடங்குவது என்பது ஒன்று. இதனைத் தாக்க நேரம் எனலாம். அழுத்தத்தை எவ்வளவு காலத்தில் விடுவது என்பது மற்றது. இதனை விடுவிப்பு நேரம் எனலாம். தோற்கருவியின் அடையாளம் பெரும்பாலும் குச்சி தோலைத் தொடும் முதற் சில மில்லிச்செக்கன்களிலேயே தங்கியுள்ளது. தாக்க நேரத்தை 1 மில்லிச்செக்கனாக அமைத்தால் அம்முனையே நசுக்கப்படும். 20 அல்லது 30 மில்லிச்செக்கனாக அமைத்தால் முனை தப்பிச் செல்ல, அதன்பின் வரும் உடலொலி மட்டுமே அழுத்தப்படும். இவ்வாறே, நிமிடத்துக்கு 120 அடி கொண்ட நடையில் ஓர் அடிக்கும் அடுத்ததற்குமிடையே 500 மில்லிச்செக்கனும், அதன் காற்கூறுக்கு 125 மில்லிச்செக்கனும் உண்டு. விடுவிப்பு நேரம் 300 மில்லிச்செக்கனாயின், தடித்த குச்சியின் அடிக்கு நேர்ந்த அழுத்தம் நீங்குமுன்னரே மெல்லிய குச்சியின் அடிகள் வந்து அதற்குள் அகப்பட்டு அமிழ்ந்துவிடும். அதனை 80 மில்லிச்செக்கனுக்குக் குறைப்பின் அவை மீண்டும் தலைதூக்கும்.

இனி, முதியவரின் வினாவுக்கு வருவோம். விற்பனைக்கு வரும் மாதிரியொலிகள் பலவும் பதிவுக்கூடத்திலேயே ஒருமுறை சுருக்கப்பட்டவை. வாங்குவோன் விசையை அழுத்திய கணமே ஒலி பெரிதாகத் தோன்றுதல் வேண்டும் என்பது சந்தையின் நியதி. அவ்வொலிகளை ஒருங்கு சேர்த்தபின் இளைஞர்கள் முழுத்தடத்தையும் 8:1 விகிதத்தில் இரண்டாம் முறை சுருக்கியிருந்தனர். மேலும், ‘மிடி’ நியமத்தில் அடியின் வலிமை 1 முதல் 127 வரை குறிக்கப்படக் கூடியதாயிருக்க, அவர்கள் பெரும்பாலான அடிகளையும் 127 இலேயே அமைத்திருந்தனர். இம்மூன்றும் சேர்ந்தபோது ஓங்கியதும் அடங்கியதுமென்ற வேறுபாடே அற்றுப்போயிற்று. எல்லாச் சொற்களையும் ஒரே அழுத்தத்தில் உச்சரிப்பவரின் பேச்சு எவ்வாறு வாக்கியமாகாதோ, அவ்வாறே அவ்வடிகளும் கூற்றாகவில்லை. தாளம் எஞ்சிற்று, மொழி நீங்கிற்று.

அவ்விளைஞர்களைக் குறை கூறுதல் எமது நோக்கமன்று. பேருந்திலும் முச்சக்கரவண்டியிலும் கைத்தொலைபேசியிலும் ஒலிக்கும் வணிக இசை யாவும் இத்தகைய உரப்புக்கு நம் செவிகளைப் பழக்கியுள்ளது. ஏனையோரின் பாடலினும் எமது பாடல் உரக்க ஒலித்தல் வேண்டும் என்னும் போட்டி உலக இசைத்தொழிலை 1990களிலிருந்து பெரிதும் ஆட்டிப்படைத்தது. ஐரோப்பிய ஒலிபரப்பாளர் சங்கம் 2010 இல் ஆர் 128 என்னும் பரிந்துரையை வெளியிட்டு, நிகழ்ச்சிகளின் சராசரி உரப்பை ஒரே மட்டத்துக்குக் கொணர முற்பட்டது. இன்றைய இணையவழி இசைச்சேவைகள் பலவும் பாடல்களின் உரப்பைத் தாமே சமன்செய்கின்றன. அங்கு மிகையாகச் சுருக்கப்பட்ட தடம் தன் உரப்பை இழக்கும். இழந்த உயிர்ப்போ மீளாது. ஆகவே, இப்போட்டி அதன் சொந்த நியாயப்படி நோக்கினும் இன்று பயனற்றதாகிவிட்டது.

5

எதிர்முழக்கம் மற்றொரு வினாவை எழுப்புகின்றது. ஒலி பிறந்தபின் சுவர்களிலும் கூரையிலும் பன்முறை தெறித்து, ஒன்றோடொன்று கலந்து, சிறிது சிறிதாகத் தேய்வதையே அச்சொல் குறிக்கும். தனித்துப் பிரித்தறியத்தக்கதாக மீண்டுவரும் எதிரொலி இதனின்று வேறானது. ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சபைன் 1890களில் இதனை அளவீட்டியலுக்கு உட்படுத்தினார். ஒலி 60 டெசிபல் தேய்வதற்கு எடுக்கும் காலம், மண்டபத்தின் கனவளவு கூடக் கூடும், உறிஞ்சும் பரப்புக் கூடக் குறையும் என்பது அவர் கண்ட விதி. அவரது ஆலோசனையுடன் அமைந்த பொஸ்டன் சிம்பனி மண்டபம் 1900 இல் திறக்கப்பட்டது. அத்தகைய மண்டபங்களில் இக்காலம் ஏறத்தாழ 2 செக்கன். 1957 இல் ஜெர்மனியின் ஈ.எம்.டி. நிறுவனம் அதிரும் உருக்குத்தகட்டினால் செயற்கையாக இதனைப் பிறப்பிக்கும் கருவியை அளித்தது. 1970களின் பிற்பகுதியில் எண்முறைக் கருவிகள் வந்தன. 1980ஐ ஒட்டி இலண்டன் பதிவுக்கூடமொன்றில் ஹியூ பட்கமும் பில் கொலின்ஸும், முழவின் எதிர்முழக்கத்தைப் பெருக்கித் திடீரென அறுத்துவிடும் உத்தியைப் பிரசித்தப்படுத்தினர். இயற்கையில் எந்த இடத்திலும் கேட்கவியலாத அவ்வொலி அந்தப் பத்தாண்டின் அடையாளமாயிற்று.

ஆகவே, எதிர்முழக்கம் சேர்ப்பது என்பது ஒலிக்கு ஓர் இடத்தை அளிப்பதாகும். மென்பொருளில் ‘ஹோல்’, ‘சேம்பர்’, ‘கதீட்ரல்’, ‘பிளேட்’ எனப் பட்டியலிடப்பட்டிருக்கும் பெயர்களை நோக்கின், அவை எந்தச் சமூகத்தின் இடங்கள் என்பது விளங்கும். வெலிமடை இளைஞர்கள் தம் தப்புக்கு ‘பெரிய மண்டபம்’ என்னும் அமைப்பைத் தெரிந்திருந்தனர். அதன் தேய்வு நேரம் 2.8 செக்கன். காமன் கூத்து அத்தகைய மண்டபம் எதனையும் கண்டதில்லை. அது லயன் வாசலிலும் காமன் பொட்டலிலும் திறந்த வானின் கீழ் நிகழ்வது.

திறந்த வெளியில் தப்பு எவ்வாறு ஒலிக்கும்? மண்டபத்துக்குரிய நீண்ட தேய்வு அங்கு இல்லை. முதலில் அடி நேரே வந்து சேரும். நிலத்திலும் லயன் சுவரிலும் தெறித்த ஒலி சில மில்லிச்செக்கன்களில் அதனோடு ஒட்டிவரும். பின்னர் ஒரு வெறுமை. அதன்பின் எதிர்மலை விடையளிக்கும். ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்வதால், 85 மீற்றர் தொலைவிலுள்ள மலைச்சரிவினின்று எதிரொலி அரைச் செக்கனில் மீளும். நிமிடத்துக்கு 120 அடி என்னும் நடையில் அது சரியாக அடுத்த அடியின்மீது வந்து விழும். தொலைவு கூடியதாயின் அடிகளுக்கிடையில் விழும். தொலைவில் நின்று மீளும் ஒலியிற் கூர்மையான சுரங்கள் தேய்ந்து, அது மங்கலாய்க் கேட்கும். ஆகவே, ஒரே அடி ஒவ்வொரு தோட்டத்திலும் வெவ்வேறாக ஒலிக்கும். மலையும் கூத்தில் ஒரு பாத்திரமாகும்.

தமிழ் இலக்கிய மாணவர்க்கு இக்கருத்து புதியதன்று. தொல்காப்பியர் திணைக்குரிய கருப்பொருள்களை எண்ணுமிடத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள் என்பவற்றோடு பறையையும் சேர்த்துள்ளார். உரைமரபு குறிஞ்சிக்குத் தொண்டகப்பறையையும், முல்லைக்கு ஏறுகோட்பறையையும், நெய்தலுக்கு மீன்கோட்பறையையும் வகுத்துக் கூறுகின்றது. ஒவ்வொரு நிலத்தின் உற்பத்தி வாழ்வோடும் ஒவ்வொரு பறை ஒட்டியிருந்தது என்பதே இதன் உட்கிடை. நிலமும் பொழுதும் முதற்பொருள். அவற்றிற் பிறப்பது கருப்பொருள். மாதிரியொலி, கருப்பொருளை முதற்பொருளினின்று அறுத்தெடுக்கின்றது. எதிர்முழக்கமோ அதற்குச் செயற்கையானதொரு நிலத்தை வழங்குகின்றது.

மலையக மக்களைப் பொறுத்தவரை இது வெறும் அழகியல் விடயமன்று. 1948 இன் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாகப் பிரித்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என ஒதுக்கியது. 1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின; 1992 இல் அவற்றின் முகாமை மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. இம்மாற்றங்கள் எவற்றிலும் தொழிலாளர் நிலவுடைமையாளராகவில்லை. 2023 இல், மலையகத்தில் 200 ஆண்டு வாழ்வை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நிகழ்ந்த நடைபயணத்தின்போதும் காணியுரிமை முதன்மைக் கோரிக்கைகளுள் ஒன்றாயிருந்தது. காகிதத்தில் நிலம் மறுக்கப்பட்ட மக்களின் கலையில் அவர்தம் நிலம் ஒலியாகவேனும் பதிந்திருந்தது. அவ்வொலியையும் அந்நிய மண்டபமொன்றில் குடியேற்றிவிடுதல் எத்தகைய இழப்பு என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

6

இதற்கு மாற்று யாது? மென்பொருளைத் துறந்து பழைமைக்கு மீளுதல் என்னும் விடை பிற்போக்கானது, நடைமுறைக்கும் ஒவ்வாதது. அவ்விளைஞர்களுடன் அமர்ந்து அதே தடத்தை மீளமைத்தபோது நாம் கைக்கொண்ட முறையைச் சுருங்கக் கூறுவோம்.

முதலாவதாக, அடிகளின் வலிமை மீள வகுக்கப்பட்டது. முதியவர் மேசைமீது விரல்களால் தட்டிக் காட்ட, ஓங்கிய அடிகள் 110 இற்கு மேலும், மெல்லிய குச்சியின் அடிகள் 35 முதல் 60 வரையிலும் அமைக்கப்பட்டன. இரண்டாவதாக, தடித்த குச்சிக்கும் மெல்லிய குச்சிக்கும் தனித்தனித் தடங்கள் ஒதுக்கப்பட்டன. ஒன்றின் உரப்பு மற்றதனை அமுக்குதல் இதனால் தவிர்ந்தது. மூன்றாவதாக, ஒலிச்சுருக்கம் 2:1 விகிதத்துக்கும், தாக்க நேரம் 25 மில்லிச்செக்கனுக்கும் மாற்றப்பட்டது. ஓங்கிய அடிகளில் மட்டும் 3 டெசிபல் அளவு குறையுமாறு எல்லை மட்டம் உயர்த்தப்பட்டது. கூடுதல் திண்மை தேவைப்பட்டவிடத்து, மிகச் சுருக்கப்பட்ட பிரதியொன்று மூலத்தின் கீழே மெலிதாகக் கலக்கப்பட்டது. இம்முறையில் மூலத்தின் ஏற்றத்தாழ்வு பெரிதும் குலைவதில்லை.

நான்காவதாக, மண்டபம் நீக்கப்பட்டது. அதனிடத்தில் அத்தோட்டத்துப் பிரட்டுக் களமே வைக்கப்பட்டது. இது உருவகமன்று, இன்றைய மென்பொருள்களாற் செய்யக்கூடியதே. காற்றோய்ந்த விடியற்போதில் பிரட்டுக் களத்தின் நடுவே பலூனொன்றை வெடிக்கச் செய்து, சற்றுத் தொலைவில் ஒலிவாங்கியினால் அதனைப் பதிவு செய்தோம். ஓர் இடம் ஒரு கணநேர ஒலிக்கு அளிக்கும் முழு விடையும் அப்பதிவில் அடங்கும். அவ்விடையைக் கணிதமுறையில் எந்த ஒலியோடும் பெருக்கிச் சேர்க்கும் எதிர்முழக்க மென்பொருள்கள், இலவசமானவை உட்பட, பல உள. எதிர்மலையின் விடை அதன்பின் தப்போடு சேர்ந்தே வந்தது.

ஓர் எச்சரிக்கையும் ஈண்டு உரியது. இவ்வேலை நிகழ்ந்தது லயன் அறையொன்றிலாகும். குடியேற்ற ஆட்சிக்கால லயன் அறைகள் ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி என்னும் அளவின. இவ்வளவுள்ள அறையில் 47, 56 ஹேர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த ஒலிகள் சுவர்களுக்கிடையே நின்றதிர்ந்து, அமர்ந்திருக்கும் இடத்துக்கேற்ப மிகையாகவோ குறைவாகவோ கேட்கும். ஆதலால் அடித்தொனியைப் பற்றிய முடிவுகளை அறையிலுள்ள ஒலிபெருக்கியை மட்டும் நம்பி எடுத்தல் ஆகாது. செவிப்பன்னியிலும் திறந்த வெளியிலும் ஒப்பிட்டுக் கேட்டல் வேண்டும். வாழும் அறையின் நெருக்கடி கலையின் ஒலியையும் இவ்வாறு தீண்டுகின்றது.

மீளமைத்த தடத்தை முதியவர் மீண்டும் கேட்டார். இம்முறை வினா எழவில்லை. “கலியாண அடிதான், ஆனா தோலு காஞ்சது பத்தல” என்றார். மாதிரியொலிக்கென எங்கோ அடிக்கப்பட்ட அந்தத் தோல் போதியளவு தீயிற் காட்டப்படவில்லை என்பதையும் அவர் செவி கண்டுகொண்டது. ஏற்றத்தாழ்வு மீண்டபோது பொருள் மீண்டது. பொருள் மீண்டபோது குறையும் புலப்பட்டது. அடுத்த கட்டம் யாதென்பதையும் அக்கூற்றே காட்டிற்று: அத்தோட்டத்துத் தப்பையே, அதனை அடிப்பவர் கையினாலேயே, நன்கு காய்ச்சிப் பதிவு செய்தல்.

7

தொழினுட்பத்தாற் பிரதி செய்யப்படும் கலைப்படைப்பு தனக்குரிய இடத்தினின்றும் நேரத்தினின்றும் விடுபடுகின்றது என வால்டர் பென்யமின் 1936 இல் வெளியான கட்டுரையில் எடுத்துக்காட்டினார். அவ்விடுபடலில் இழப்பை மட்டுமன்றி, கலை வெகுசனங்களின் கைக்கு வரும் வாய்ப்பையும் அவர் கண்டார். வெலிமடை அனுபவம் இவ்விரண்டையும் உறுதிப்படுத்துகின்றது. எனினும் அவ்வாய்ப்பு தானாகக் கனிவதில்லை. மென்பொருளின் ஆயத்த அமைப்புகளை அவ்வாறே ஏற்போமாயின், நாம் உற்பத்தியாளராகத் தோன்றினும் உண்மையிற் நுகர்வோராகவே எஞ்சுவோம். அவ்வமைப்புகளின் எண்களைத் திறந்து பார்த்து மாற்றத் தொடங்கும்போதே கருவி நம்முடையதாகின்றது.

இவ்வகையில் மூன்று பணிகள் உடனடியானவை. ஊவாவின் தோட்டங்களில் எஞ்சியுள்ள தப்புக் கலைஞரின் அடிகளைச் சுருக்கமும் எதிர்முழக்கமும் சேர்க்காத மூலவடிவிற் பதிவு செய்தல் ஒன்று. பிரட்டுக் களம், லயன் வாசல், மாரியம்மன் கோயில் முற்றம், மூடப்பட்ட தேயிலைத் தொழிற்சாலையின் வாட்டு மாடி ஆகிய இடங்களின் ஒலிவிடைகளைச் சேகரித்தல் மற்றொன்று. கட்டடம் இடிந்த பின்னர் இவற்றைப் பெறுதல் எவ்வாற்றானும் இயலாது. மூன்றாவது, அடிப்பவரின் சம்மதமும் பெயரும் தொடர்ச்சியான ஊதியப் பங்கும் எழுத்தில் உறுதிப்படுத்தப்படல். 2003 இன் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஆற்றுகையாளரின் உரிமைகளையும் நாட்டார் கலை வெளிப்பாடுகளையும் பாதுகாப்புக்குரியனவாக ஏற்றுள்ளமையால், இதற்குச் சட்ட அடிப்படையும் உண்டு. முன்னர் அடித்தவரின் சாதியைக் கேட்டுப் பெயரைக் கேளாதிருந்த சமூகம், இனி ஒலியை எடுத்துக்கொண்டு பெயரை விட்டுவிடுமாயின் பழைய அநீதியே புதிய கருவியில் தொடரும்.

பல்கலைக்கழகத் தமிழ் மாணவர், குறிப்பாக மலையகத்தினின்று வருவோர், இப்பணியைத் தம் கள ஆய்வுகளின் ஒரு கூறாக மேற்கொள்ளலாம். அதற்கு வேண்டியவை ஓர் ஒலிவாங்கி, ஒரு கணினி, சில பலூன்கள், தப்பைக் காய்ச்ச ஒரு கைப்பிடி வைக்கோல் என்பனவே. “இது எதுக்கு அடிக்கிற அடி?” என்னும் வினாவுக்கு விடை கூறக்கூடிய முதியோர் நம்மிடையே இன்னும் உளர் என்பதை மனங்கொண்டு, அவர்கள் இருக்கும்போதே அப்பணியைத் தொடங்குதல் வேண்டும்.